நியமித்தவரின் வாசலைத் தட்டிய ஆணைக்குழு

பத்திரிகைத் தொழிலில் நான் அதிகம் எழுதிய செய்திகளுள் ஒன்று, ஆணைக்குழு நியமனம் பற்றியது. நியமனச் செய்தி முன்பக்கத்தில் வரும். அறிக்கை கையளிக்கப்படும் படம் உள்பக்கத்தில் வரும். அறிக்கையில் என்ன இருந்தது என்பது பல வேளைகளில் வராமலே போய்விடும். அதனால்தான், தன்னை நியமித்தவரின் வாசலையே தட்டிய ஓர் ஆணைக்குழுவின் கதை என் மனதில் நிலைத்திருக்கிறது.

1983 ஜூலை 28ஆம் திகதி, அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் றேகன் ஒரு நிர்வாகக் கட்டளை மூலம் திட்டமிட்ட குற்றங்கள் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழுவை அமைத்தார். குற்றக் கும்பல்கள் எவ்வாறு இயங்குகின்றன, அவற்றின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பவற்றை ஆராய்ந்து பரிந்துரை செய்வதே அதன் பணி. வழக்குத் தொடரும் அதிகாரம் அதற்கு இல்லை.

தலைவராக நியமிக்கப்பட்டவர் மேன்முறையீட்டு நீதிபதி இர்விங் கோஃப்மன். அணு இரகசிய வழக்கில் றோசன்பேர்க் தம்பதியருக்கு 1951இல் மரண தண்டனை விதித்தவர் அவரே. 1957இல் நியூயோர்க் மாநிலத்தின் அப்பலாச்சின் கிராமத்தில் கூடிய மாஃபியாத் தலைவர்கள் பொலிஸாரிடம் சிக்கினர். அந்த வழக்கை விசாரித்தவரும் அவர்தான். அதில் 20 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். எனினும், சதிக்குப் போதிய சான்று இல்லையென 1960இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆட்களைப் பிடிப்பது வேறு, அமைப்பை நிரூபிப்பது வேறு என்பதை அவரைவிட நன்கறிந்தவர் இருந்திருக்க முடியாது.

சாட்சிகளைக் கட்டாயப்படுத்தி அழைக்கும் அதிகாரத்தை அமெரிக்க காங்கிரஸ் 1984இல்தான் வழங்கியது. பதவியிலுள்ள நீதிபதிகள் நிறைவேற்றுத் துறையின் குழுவொன்றில் அமர்வது அதிகாரப் பிரிவினைக்கு முரணாகுமா என்ற வழக்கும் எழுந்தது. முரணே என்றது ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம். முரணன்று என்றது இன்னொன்று.

1984 ஒக்டோபரில் வெளிவந்த அறிக்கை கறுப்புப் பணம் பற்றியது. போதைப்பொருள் விற்ற காசு பைபையாக வங்கிகளுக்குள் நுழைந்து, சுத்தமான பணமாக வெளியேறும் வழியை அது விளக்கியது. பணத்தைச் சலவை செய்வதையே தனிக் குற்றமாக்க வேண்டும் என்பது அதன் வாதம்.

அடுத்தது தொழிற்சங்கங்கள். லொறிச் சாரதிகளின் பெருஞ்சங்கமான டீம்ஸ்டர்ஸ், 1980இலும் 1984இலும் றேகனின் தேர்தலை ஆதரித்தது. அதன் தலைவர் ஜாக்கி பிரெஸர், 1980 தேர்தல் வெற்றியின் பின் றேகனின் ஆட்சிப் பொறுப்பேற்புக் குழுவில் ஆலோசகராக இருந்தவர். 1985 ஏப்ரலில் அவர் ஆணைக்குழுவின் முன் அழைக்கப்பட்டார். தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் அரசியலமைப்பு உரிமையைக் காட்டி, பதிலளிக்க மறுத்தார். அவர் எப்.பி.ஐ.யின் இரகசியத் தகவலாளி என்பது பின்னரே உறுதியாயிற்று.

1986இல் வெளியான அறிக்கை, குற்றக் கும்பல்களின் பிடியில் இருந்த நான்கு பெரும் தொழிற்சங்கங்களுள் ஒன்றாக டீம்ஸ்டர்ஸைக் குறிப்பிட்டது. அத்துடன் நிற்கவில்லை. பிரெஸருடன் அரசாங்கம் வைத்திருந்த தொடர்புகள் முறைகேடான தோற்றத்தைத் தருகின்றன என்றும் எழுதியது. றேகன் நியமித்த ஆணைக்குழு றேகனின் அரசாங்கத்தைப் பற்றி எழுதிய வரி அது.

இதனால் அந்த ஆணைக்குழு குறையற்றது என்று சொல்ல வரவில்லை. 1986 மார்ச்சில், சமஷ்டி அரசாங்க ஊழியர் அனைவருக்கும் போதைப்பொருள் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற அதன் பரிந்துரை பெரும் சர்ச்சையாகி மற்றெல்லாவற்றையும் மறைத்தது. ஏப்ரலில் இறுதி அறிக்கை வந்தபோது, 18 உறுப்பினர்களுள் பாதிப்பேர் காலமும் பணமும் வீணடிக்கப்பட்டன என்று குறைகூறினர். ஆணைக்குழு கலைந்தது.

ஆனால் அறிக்கைகள் அச்சில் இருந்தன. அதே 1986இல் பணச் சலவை அமெரிக்காவில் தனிக் குற்றமானது. 1988இல் அரசாங்கம் டீம்ஸ்டர்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. 1989 இணக்கத் தீர்ப்பின்படி, 1991இல் சாதாரண உறுப்பினர்கள் முதன்முறையாக நேரடி வாக்கினால் தலைவரைத் தெரிந்தனர். பணச் சலவைக்கு எதிரான சட்டங்கள் நாடு நாடாகப் பரவின. இலங்கையிலும் 2006இல் அத்தகைய சட்டம் வந்தது. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ ஊருக்குப் பணம் அனுப்பும் நம்மவரிடம் 'இந்தக் காசு எங்கிருந்து வந்தது?' என்று வங்கி ஊழியர் கேட்கிறார் அல்லவா? அந்தக் கேள்வியின் வேர்களில் ஒன்று அந்த 1984 அறிக்கையில் இருக்கிறது.

உறுப்பினர் சண்டையிட்டுப் பிரிந்த, அரைகுறையான ஓர் ஆணைக்குழு இவ்வளவுக்குக் காரணமாக முடிந்தது. அதன் நீதிபதிகளின் பெருமையால் மட்டும் அது நிகழவில்லை. அரசாங்கத்துக்குச் சங்கடமான பக்கங்களும் அச்சாகி, எவரும் எடுத்து வாசிக்கக் கிடைத்தன. ஆகவே, இனி எங்காவது ஆணைக்குழு நியமனச் செய்தியைக் காணும்போது, அதன் தலைவர் யாரென்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அறிக்கை எப்போது நமது கைக்கு வரும் என்றும் கேளுங்கள். நான் எழுதிய செய்திகள் பலவற்றில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறியிருக்கிறேன்.