துயிலாத அருகனுக்குத் துயிலெடைப் பாட்டு

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ளது திருநறுங்கொண்டை. 2019ஆம் ஆண்டு முதல் இவ்வூர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்குக் குன்றின்மேல் பாறையில் புடைப்புருவமாக எழுந்தருளியிருக்கும் பார்சுவநாதரை அப்பாண்டைநாதர் எனத் தமிழ்ச் சமணர் போற்றுவர். சோழர் காலக் கல்வெட்டுகள் இத்திருத்தலத்தைப் பள்ளி என்றே குறிக்கின்றன.

பள்ளி என்னும் சொல்லுக்குப் படுக்கை என்பதும் ஒரு பொருள். முனிவர் துறவு நோற்ற கற்படுக்கை பள்ளியாயிற்று. அவர்தம் உறைவிடமும் பள்ளியாயிற்று. அங்கு அவர் எழுத்தறிவித்தமையால் கல்விக்கூடமும் அப்பெயரே பெற்றது. அத்தகைய பள்ளியில் பாடப்பெறும் பள்ளியெழுச்சி யாரை எழுப்புகின்றது?

உறங்கும் மன்னரைச் சூதர் என்னும் இசைவாணர் புகழ்பாடி எழுப்பும் வழக்கைத் தொல்காப்பியம் துயிலெடைநிலை என்று வகுத்துரைக்கும். பிற்காலத்தில் அவ்வழக்கு அரண்மனையினின்றும் கோயிலுக்கு வந்தது. ஆயினும் சமண நெறியில் இங்கு ஓர் ஐயம் எழும். அருகன் பதினெண் குற்றமும் நீங்கியவன். அவற்றுள் உறக்கமும் ஒன்று. உறங்காதவனை எழுப்புதல் எங்ஙனம்?

இதற்குப் பழந்தமிழ்ச் சமணரின் பாவைப் பாட்டே விடை தருகின்றது. அமிதசாகரரின் யாப்பருங்கலத்திற்கு எழுந்த விருத்தியுரை, பாவைப் பாட்டு ஒன்றை மேற்கோளாகக் காட்டும். பறவைகள் ஒலிக்கும் விடியலில் ஒரு பெண் தன் தோழியரை அழைக்கின்றாள். அறிவன் திருவடியை ஏத்தி நீராடி மகிழ்வோம் என்கின்றாள். அறிவன் என்பது அருகனுக்குரிய பெயராதலின், இதனைச் சமணப் பாவை என அறிஞர் கொள்வர். மயிலை நேமிநாதர்மீது திருநூற்றந்தாதி பாடிய அவிரோதியாழ்வார் திருவெம்பாவையும் அருளினார். பாவைப் பாட்டில் எழுப்பப்பெறுவோர் உறங்கும் தோழியரே. தாம் விழித்ததோடு அமையாது பிறரையும் விழிப்பிக்கும் உவகையே அப்பாட்டின் உயிர். எனவே பள்ளியெழுச்சியும் இறைவனை எழுப்புவதன்று. அவன் திருமுன் நின்று பாடுவோரின் அறியாமைத் துயிலைக் களைவதேயாகும்.

இப்பணியில் இருசாராருக்குப் பங்குண்டு. ஒருசாரார் இசையைத் தொழிலாகக் கொண்டோர். சோழர் காலக் கோயில்களில் உவச்சர் கொட்டு முழக்கினர். பின்னர் நாகசுர, தவிற்கலைஞர் பூபாளமும் பௌளியும் இசைத்து வைகறையை மங்கலமாக்கினர். அக்கலைஞர் எந்நெறியினராயினும் அவர்தம் இசை எல்லாக் கோயிலுக்கும் பொதுவாயிற்று. மற்றொரு சாரார் ஊர்மக்கள். மார்கழி வைகறையில் நீராடி, விளக்கேந்தி ஜினாலயம் சென்று பாடிய பாட்டியரும் சிறுவரும் ஊதியம் பெறாத இசைவாணரே ஆவர்.

திருநறுங்கொண்டைக் குணபத்திர முனிவரின் மாணவர் மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டினைத் திண்ணைப் பள்ளிச் சிறுவர் உரக்க ஓதியே மனத்திற் பதித்தனர். செவிவழிப் பயின்று நாவழிக் காத்தலே நம் முன்னோர் மரபு. பாவைப் பாடல்களும் அவ்வாறே வந்தன. ஏட்டிலிருந்த சொற்கள் இன்று அச்சேறிவிட்டன. அவற்றைப் பாடிய மெட்டோ அச்சேறாது. அது பாட்டியின் நாவிலிருந்து பேர்த்தியின் செவிக்கு மட்டுமே செல்லவல்லது. குடும்பங்கள் ஊரைவிட்டு நகரங்களில் குடியேறிய இந்நாளில் அவ்வழி குறுகி வருகின்றது.

ஆதலின், வரும் மார்கழியில் ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு முதியவர் ஒரு குழந்தைக்கு ஒரு பாடலையேனும் மெட்டோடு கற்பிப்பாராக. அருகன் துயில்வதில்லை, துயிலாமற் காக்கவேண்டியது நம் பாட்டையே.