முடிச்சும் தையலும்

குழந்தையைத் துணியால் உடலோடு பிணைத்துச் சுமக்கும் வழக்கத்துக்கு எழுதப்பட்ட வரலாறு மிகக் குறைவு. துணி மட்கிப்போகும், அதைக் கட்டிய கைகளும் பெரும்பாலும் எழுதுகோல் பிடித்தவையல்ல. அவ்வழக்கம் கடல் கடந்து, காப்புரிமை பெற்று, கடைச்சரக்கான கதையையே நாம் ஆண்டுக் கணக்கோடு சொல்ல முடிகிறது.

1960களின் தொடக்கத்தில் பீஸ் கோர் என்னும் அமெரிக்கத் தன்னார்வத் தொண்டமைப்பின் வழியே மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டுக்குச் சென்றார் ஆன் மூர் என்ற செவிலி. (அதனை 'அமைதிப்படை' என்று மொழிபெயர்த்தால் நம்மவர் நினைவு வேறெங்கோ போய்விடும்.) அங்கே தாய்மார் சந்தைக்கும் வயலுக்கும் குழந்தையை முதுகில் கட்டியே சென்றனர், குழந்தைகள் அமைதியாக இருந்தது அவரைக் கவர்ந்தது. முன்னே குனிந்து, குழந்தையை முதுகின்மேல் கிடத்தி, அதன் கால்கள் இடுப்பின் இருபுறமும் தவளைக்கால் போல் விரியுமாறு அமைத்து, அகலத்துணியைப் போர்த்தி இழுத்து, முன்புறத்தில் இறுக்கிச் செருகும் வித்தை அது. பெண்பிள்ளைகள் தம்பி தங்கையரைச் சுமந்தே இதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

1964-இல் நாடு திரும்பிய மூருக்கு மகள் பிறந்தாள். அவளை அவ்வாறே முதுகில் கட்ட முயன்றபோது குழந்தை நழுவிக்கொண்டே இருந்தது. ஒஹையோவிலிருந்த அவருடைய தாய் லூசி ஆக்கர்மன், கால் நுழையத் துளைகளும் தோள்பட்டைகளும் வைத்து ஒரு பையைத் தைத்துக் கொடுத்தார். 'ஸ்னக்லி' என்ற பெயரில் 1969-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1985-இல் அத்தொழில் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இதனைக் களவு என்று பழிப்பார் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. எங்கே கண்டதென்பதை மூர் மறைத்தவரல்லர். நம்மை நிறுத்தி யோசிக்கவைப்பது அந்த நழுவல்தான். பயிற்சி பெற்ற செவிலி, நாள்தோறும் கண்ணால் கண்டவர். அவர் கைக்கே முடிச்சு வசப்படவில்லை. முடிச்சின் வேலையைத் தையல் ஏற்றுக்கொண்டது.

பிற்காலத்துத் தையல்கள் எல்லாம் அவ்வளவு கருத்தோடு அமையவில்லை. நம் ஏணையைப் போலக் குழிந்து, ஒரு தோளிலிருந்து தொங்கும் பைத்தூளிகள் அமெரிக்கக் கடைகளில் பெருகின. அவற்றுள் சிசு வளைந்து கிடக்கும். பிறந்த சில மாதங்களுக்குத் தலை கனம், கழுத்துத் தசை வலுவற்றது, மூச்சுக்குழல் குறுகியது. முகவாய் மார்பில் படிந்தால் காற்று செல்லும் வழி மடங்கிவிடும். குழந்தையால் அழவும் முடியாது. துணியிலோ தாயின் உடலிலோ மூக்கு புதைந்தாலும் இதே கதிதான், அதுவும் ஓரிரு நிமிடங்களில்.

முந்தைய இருபது ஆண்டுகளில் தூளிகளில் குறைந்தது 14 குழந்தைகள் இறந்ததாக 2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. அவற்றுள் 12 நான்கு மாதம் நிரம்பாதவை. அதே மாதம் இன்ஃபண்டினோ நிறுவனம் சுமார் 10 லட்சம் பைத்தூளிகளைத் திரும்பப் பெற்றது.

பழையவை யாவும் நல்லவை என்று இதிலிருந்து முடிவுகட்டுவது பிழை. நவஹோ மக்களின் தொட்டிற்பலகையில் கால்களை நீட்டிக் கட்டப்பட்ட குழந்தைகளிடம் இடுப்பு மூட்டு விலகல் மிகுந்திருந்ததை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். டோகோவின் தவளைக்கால் முறையில் அந்த மூட்டு தன் குழியில் பொருந்தி நிற்கிறது. ஆதலால் கட்டும் விதத்தையே பார்க்க வேண்டும்; அதன் வயது ஒரு பொருட்டல்ல.

பிரிட்டனின் தூளி உற்பத்தியாளர்களும் விற்பனையாளர்களும் கூடி வகுத்த விதிகள் இன்று பரவலாக வழங்குகின்றன. துணி இறுக்கமாக இருக்கவேண்டும். முகம் எப்போதும் கண்ணில் படவேண்டும். தலை குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் குழந்தை இருக்கவேண்டும். முகவாய்க்கும் மார்புக்கும் நடுவே ஒரு விரலேனும் நுழையவேண்டும். முதுகு தாங்கப்பட வேண்டும். முன்புறம் சுமப்போருக்கான விதிகள் இவை. முதுகில் சுமக்கும் டோகோத் தாய்க்கு முகம் தெரியாது; மூச்சையும் அசைவையும் அவள் தன் முதுகாலேயே அறிகிறாள். அவ்வறிவை எழுத்தில் எப்படி வடிப்பது?

அமெரிக்க ஆணையம் தூளிகளுக்கான கட்டாயத் தரவிதியை 2017-இல் ஏற்று, 2018 ஜனவரி இறுதியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குறிக்கப்பட்ட எடையைப்போல் மும்மடங்கைத் தூளி தாங்க வேண்டும். எச்சரிக்கைச் சீட்டோடு, குழந்தையை எப்படி வைக்கவேண்டும் என்று காட்டும் படங்களும் உடன் இருக்கவேண்டும்.