உளியில் கண்ட அம்புக்குறி

தச்சுத்தொழில் செய்து மறைந்த எம் தந்தையாரின் கருவிப்பெட்டி வாரிசுரிமையாக எம்மிடம் வந்தது. அதிலிருந்த உளியொன்றில் அகன்ற அம்புக்குறி பொறிக்கப்பட்டிருந்தது. அது பிரிட்டிஷ் அரசுடைமையின் அடையாளம், படைத்தளவாடங்களில் இடப்பட்டது. அரசுடைமையை மறைக்கும் நோக்குடன் அக்குறியை அழிப்பதை 1875ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிற்று. அவ்வாறாயின், இவ்வுளி நேர்வழியில் வந்ததுதானா? ஹலாலான சம்பாத்தியத்தையே போற்றிய தந்தையாரைக் குறித்து எழுந்த இவ்வினா எம்மை வருத்தியது.

துருவைத் துடைத்தபோது, அம்பின் முனையோடு முனை பொருந்த மற்றோர் அம்பும் புலப்பட்டது. இரண்டு அம்புகள் எதிரெதிரே முனை சேர்ந்திருப்பின், அரசு அப்பொருளை முறைப்படி விற்றுவிட்டது என்பதே பொருள். 1945இல் இரண்டாம் உலகப்போர் முடிவுற்றபின் எஞ்சிய தளவாடங்கள் பெருமளவில் விற்கப்பட்டன என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

போருக்கென வடிக்கப்பட்ட உளி, எம் தந்தையார் கையில் வீடுகளுக்குக் கதவு செதுக்கிற்று. பிறர் உடைமையைத் தீண்டாத அக்கைகளை ஐயுற்றமைக்காக வல்ல இறைவனிடம் மன்னிப்புக் கோரினோம்.