மால்ட் ஆலையும் அதன் பழுதுகளும்: அரைவைக்கல்லிலிருந்து வீட்டு உருளை வரை

பார்லியை நீரில் ஊறவைத்து, முளைகட்டி, முளை நீளுமுன் சூளையில் உலர்த்தி எடுத்தால் கிடைப்பது மால்ட். பீர் வடிப்பவர் அதை உடைத்து வெந்நீரில் ஊறலாகப் போட்டு, மாவுச்சத்து சர்க்கரையாக மாறியபின் இனிப்புச் சாற்றை இறுத்தெடுக்கிறார். இந்தத் தொழிலின் முதற்படியாகிய அரைவைக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு கடமைகள் உண்டு. மணியின் உள்ளிருக்கும் மாவுப் பகுதி நன்றாக உடைந்தால்தான் நொதிகள் அதை எட்ட முடியும். மேலுள்ள உமியோ கிழியாமல் இருக்க வேண்டும், ஏனெனில் தொட்டியின் அடியில் படிந்து சாற்றை வடிகட்டித் தருவது அந்த உமிப் படுகைதான். நைய அரைத்தால் தொட்டி அடைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டாக உடைத்தால் சர்க்கரையாக வேண்டிய மாவு சக்கையோடு போய்விடும். மால்ட் ஆலையில் காலந்தோறும் செய்யப்பட்ட மாற்றங்கள் இந்த முரண்பாட்டைத் தீர்க்க வந்தவையே. ஆனால் அவை பழுதை ஒழித்ததைக் காட்டிலும் ஒரு பாகத்திலிருந்து இன்னொரு பாகத்துக்கு இடம் மாற்றியதே மிகுதி.

ஐரோப்பாவில் நெடுங்காலம் மால்ட்டையும் மற்றத் தானியங்களையும் அரைத்தவை வட்ட அரைவைக்கற்கள். நம் வீடுகளில் இருந்த திருகையைப் போலவே கீழ்க்கல் அசையாதிருக்க மேற்கல் சுழலும் அந்த அமைப்பில், பழுது என்பது பெரும்பாலும் கல்லின் முகம் மழுங்குவதுதான். கல்லைத் தூக்கிப் புரட்டி, உளிமுனை கொண்ட சுத்தியலால் அதன் வரிப்பள்ளங்களைத் திரும்பக் கொத்துவது தேர்ந்த கைக்கே கைவந்த வேலை. ரொட்டி மாவுக்குப் பொருந்திய அந்தத் தேய்ப்பு மால்ட்டுக்குப் பொருந்தவில்லை. கல் எவ்வளவு நன்றாகக் கொத்தப்பட்டிருந்தாலும் மணியை நசுக்குவதோடு நில்லாமல் உமியையும் அரைத்துத் தள்ளியது. தேய்க்காமல் நசுக்கும் உருளைகளுக்கு மாறியதே இதற்குக் கிடைத்த விடை.

அந்த மாற்றத்தின் தெளிவான சான்று லண்டனில் கிடைக்கிறது. 1784-இல் குட்வின் நிறுவனத்தின் பீர் ஆலையும், அதையடுத்து 1785-இல் சிஸ்வெல் தெருவில் இருந்த சாமுவேல் விட்பிரெட்டின் ஆலையும் போல்ட்டன்–வாட் நிறுவனத்தின் நீராவி எந்திரத்தை நிறுவின. விட்பிரெட் ஆலையில் குதிரைகள் சுற்றிவந்த சக்கரத்தின் இடத்தை அது பிடித்துக்கொண்டு, மால்ட்டை நசுக்கும் உருளைகளைச் சுழற்றியது. 1787-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரே அதைப் பார்க்க வந்தார். ஆலைக் குதிரை செய்யும் வேலையை அளவுகோலாகக் கொண்டு, நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலையே ஒரு குதிரைத்திறன் என்று ஜேம்ஸ் வாட் வகுத்தது இக்காலத்தில்தான். இன்று மோட்டார் வாங்கும் எவரும் உச்சரிக்கும் அந்த அலகுக்குப் பின்னால் செக்குமாடு போலச் சுற்றிய ஆலைக் குதிரைகள் இருப்பதைப் பலர் அறியார். விட்பிரெட்டின் எந்திரம் 1887 வரை ஓடி, பின்னர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

உருளை வந்தபின் பழுது உருளையின் மேற்பரப்புக்கு வந்தது. மென்மையான இரும்பு விரைவில் தேய்ந்தது. ஒரு முனை மற்றதைவிட அதிகமாகத் தேய்ந்தால், ஒரே ஆலையில் ஒரு பக்கம் மாவும் மறுபக்கம் உடையாத மணியும் விழும். இதற்கு வழிகாட்டியது மாவாலைத் தொழில். உருக்கிய இரும்பை உலோக அச்சில் ஊற்றி மேற்புறத்தைச் சட்டெனக் குளிரச்செய்தால் வெளித்தோல் மட்டும் மிகக் கடினமாகும் என்ற முறையை, புடாபெஸ்டின் கான்ஸ் வார்ப்பாலை ரயில் சக்கரங்களுக்குக் கையாண்டு வந்தது. அங்குப் பணியாற்றிய பொறியாளர் ஆந்திராஷ் மெக்வார்ட் 1870களில் அதை ஆலை உருளைகளுக்குக் கொண்டுவந்தார்.

பிரிட்டனில் மால்ட் ஆலைக்குப் பெயர்பெற்ற நிறுவனங்கள் சஃபோக் மாவட்டத்தின் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரத்து ராபர்ட் போபியும், லீட்ஸ் நகரத்துப் போர்ட்டியஸும். போர்ட்டியஸ் ஆலையின் மேல் இணை உருளைகள் மணியை உடைக்க, கீழ் இணை அதைக் குருணையாக்கும். அரைத்தது சரியா என்பதை அறிய அதை ஒரு சல்லடைப் பெட்டியில் சலித்துப் பார்ப்பார்கள். ஸ்காட்லாந்தின் விஸ்கி வடிசாலைகளில் உமி 20, குருணை 70, மாவு 10 விழுக்காடு என்பது இன்றும் சொல்லப்படும் கணக்கு. இவ்வாலைகளோடு கல் பிரிப்பானும் காந்தமும் சேர்ந்தே இருப்பதற்கு ஒரு கொடிய காரணம் உண்டு. 1872-இல் கிளாஸ்கோவின் டிரேட்ஸ்டன் மாவாலையில், தானியம் வரத்து நின்று வெறுமையாகச் சுழன்ற கற்கள் உரசித் தீப்பொறி கிளம்ப, காற்றில் மிதந்த மாவுத்தூசி வெடித்து 18 பேர் மாண்டனர். மால்ட்டோடு வந்துவிடும் ஒரு சிறு கல்லோ ஆணியோ உருளையைக் கெடுப்பதோடு நிற்காது என்பதை ஆலைக்காரர்கள் அதன்பின் மறக்கவில்லை.

போர்ட்டியஸ் ஆலைகள் கெடவே கெடாததால் புதிதாக வாங்க ஆளின்றி அந்த நிறுவனமே நொடித்துப்போயிற்று என்று வடிசாலைகளைச் சுற்றிக் காட்டுவோர் சொல்வது வழக்கம். கேட்பதற்கு நயமான கதைதான். ஆனால் இரும்பு தேயாதிருந்ததாக அதைப் பொருள்கொள்வது தவறு. உருளையைக் கழற்றி வரிகளைத் திரும்ப வெட்டவும், பேரிங்கையும் பெல்ட்டையும் தனித்தனியே மாற்றவும் இடம்தரும் வகையில் அவை அமைக்கப்பட்டிருந்ததே அவற்றின் நீண்ட ஆயுளுக்குக் காரணம்.

வீட்டு அரைவையின் கதை சட்டத்தோடு பிணைந்தது. இங்கிலாந்தில் 1697 முதல் மால்ட்டுக்கு வரி இருந்தது. வீட்டிலேயே பீர் வடிக்கும் பழக்கம் அருகிவருவதற்கு இவ்வரியைக் குற்றஞ்சாட்டி, குடியானவர்கள் அதை மீட்டெடுக்க வேண்டும் என்று வில்லியம் காபெட் 1820களில் எழுதினார். 1880-இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கிப் பீருக்கு வரி விதித்தபோது வீட்டில் வடிப்போருக்கு உரிமம் கட்டாயமாயிற்று. 1963-இல்தான் அது நீங்கியது. அமெரிக்காவிலோ 1933-இல் மதுவிலக்கு முடிந்தபின்னும் வீட்டுப் பீருக்கு விலக்கு கிடைக்கவில்லை. ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையொப்பமிட்ட சட்டமே, பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 காலன் வரை வரியின்றி வடிக்க இடம்தந்தது. இத்தனை காலமும் மறைவிலோ அரைகுறையாகவோ நடந்த வேலைக்குப் பெரிதும் கைகொடுத்தது, டின்னில் அடைத்த மால்ட் பாகு. பாகுக்கு ஆலை வேண்டாம் என்பதால், வீட்டில் மால்ட் அரைக்கும் அறிவு தலைமுறைக் கணக்கில் அறுபட்டுக் கிடந்தது.

அந்த அறிவைத் திரும்பப் பெற முயன்ற அமெரிக்கர்களின் கைக்கு முதலில் கிடைத்த ஆலைகளுள் ஒன்று கொலம்பியாவில் செய்யப்பட்ட கொரோனா. சோளம் அரைப்பதற்காக வார்க்கப்பட்ட இந்தக் கைச்சுற்று ஆலையில் இரண்டு இரும்புத் தகடுகள். ஒன்று நிலைத்திருக்க மற்றது சுழலும். அதாவது, 18-ஆம் நூற்றாண்டு கைவிட்ட அரைவைக்கல்லின் முறையே இரும்பில் மீண்டும் வந்தது, அதன் பழைய குறையும் உடன் வந்தது. சுழலும் தகடு ஆடுவதால் ஒரே சுற்றில் இடைவெளி கூடிக் குறைந்து, உமியும் கிழிந்தது. தகட்டின் பின்னே வளையத்தகடுகளை அடைகொடுத்து ஆட்டத்தைக் குறைப்பது வடிப்போர் தாமே கண்ட மருந்து.

1990களில் வீட்டுக்கென்றே செய்த இரட்டை உருளை ஆலைகள் பரவின. இவற்றின் பெரும்பாலான பழுதுகளுக்கு வேர், பெரிய ஆலையைச் சிறிதாக்கியதிலேயே இருக்கிறது. தொழிற்சாலை உருளை ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் விட்டமுடையது. அதன் வளைவு தட்டையாக இருப்பதால் மணி எளிதாக உள்ளே இழுபடும். நான்கு சென்டிமீட்டரே உள்ள வீட்டு உருளையின் வளைவு செங்குத்தாக விழுவதால் மணி பிடிபடாமல் மேலேயே உருளும். ஆகவே அதன் மேற்பரப்பில் லேத் பட்டறைக்காரர்கள் நர்லிங் என்று சொல்லும் குறுக்குவெட்டுச் சொரசொரப்பு தேவைப்படுகிறது. அந்தச் சொரசொரப்பு மழுங்கினாலோ, ஈரமாவு அதில் அப்பிக்கொண்டாலோ ஆலை சுற்றும், அரைக்காது. மேலும், விலையைக் குறைக்க வேண்டி ஒரு உருளையை மட்டுமே கைப்பிடியோடு இணைத்து, மற்றதை மணிகளின் உராய்வே சுழற்றுமாறு விட்டனர். அந்த இரண்டாம் உருளையின் அச்சைத் தாங்கும் புஷ்ஷில் தூசி புகுந்தாலோ துரு ஏறினாலோ அது நின்றுவிடும். டிரில்லை மாட்டி மிகுவேகத்தில் ஓட்டும்போதும் மணியைப் பிடிக்க நேரமின்றி இதே நிலை வரும்.

இடைவெளி இன்னொரு தலைவலி. 0.045 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய அளவு பார்லி மால்ட்டுக்குப் பொதுவான தொடக்கம். சிறுமணியான கோதுமை மால்ட்டுக்கு அது அகலம். இடைவெளியைத் திருத்தும் திருகு அதிர்வில் நெகிழ்ந்தால் அளவு தானாக நழுவும். ஒரு முனையை மட்டும் திருத்தினால் உருளைகள் இணையாக நில்லாமல், விட்பிரெட் காலத்துப் பழுதே மீண்டும் தலைகாட்டும். இரு முனைகளிலும் ஃபீலர் கேஜ் என்னும் அளவுத் தகட்டை நுழைத்துப் பார்க்காமல் புஷ்ஷையோ உருளையையோ மாற்றுவது வீண் செலவு. வீட்டில் வடிப்போர் பாகத்தின் மீது சுமத்தும் குற்றங்களில் கணிசமானவை உண்மையில் இடைவெளியின் குற்றங்கள். போர்ட்டியஸ் ஆலையின் பணியாளர் கழற்றுச்சாவியைத் தொடும் முன்பு சல்லடைப் பெட்டியை எடுத்தார். வீட்டு ஆலைக்காரரும் முதலில் எடுக்க வேண்டியது அதைத்தான்.