நிழலைத் தேடிப் போனவர்களும் நிழலுக்குள் இருந்தவர்களும்

2019 நத்தாருக்கு அடுத்த நாள் காலை எங்களில் கனபேருக்கு நினைவிருக்கும். சுனாமியின் பதினைந்தாவது ஆண்டு நினைவு நாள். அதே காலையில்தான் வளைய சூரிய கிரகணமும் வந்தது. "வெளியில போகாதேங்கோ" எண்டு அம்மம்மாமார் சத்தம் போட, வேப்பிலைகளுக்கு இடையால் முற்றத்தில் விழுந்த குட்டிக்குட்டிப் பிறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாங்கள் ஒரு இடத்துக்கும் பயணம் போகவில்லை. நிழல்தான் எங்கட வளவுக்கு வந்தது.

அதற்கு 148 ஆண்டுகளுக்கு முன், 1871 டிசெம்பர் 12 காலை, ஏறக்குறைய இதே பாதையால் இன்னொரு நிழல் போனது. அது முழுச் சூரிய கிரகணம். மலபார்க் கரையில் பேக்கல், பிறகு நீலகிரி, அவினாசி, புதுக்கோட்டை, கடல் தாண்டி யாழ்ப்பாணம், திருகோணமலை. ஒவ்வொரு இடத்திலும் முழு இருட்டு இரண்டு நிமிடமளவுதான். அந்த இரண்டு நிமிடத்துக்காகக் கடல் கடந்து வந்தவர்களில் ஒருவரின் கதையை முதலில் சொல்ல வேண்டும்.

அவர் பியேர் ஜூல் ஜான்சென், பிரெஞ்சு வானியலாளர். சின்ன வயதில் நடந்த விபத்தால் ஒரு கால் ஊனம். 1868இல் குண்டூரில் நின்று முழுக் கிரகணம் பார்த்தவர். சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகளின் நிறமாலைக் கோடுகள் அவ்வளவு பிரகாசமாகத் தெரியவே, கிரகணம் இல்லாமலும் இதைப் பார்க்கலாமே எண்டு யோசித்து, அடுத்த நாளே பார்த்தும் காட்டினார். பிறகு 1870 டிசெம்பர் 22 அன்று வட ஆபிரிக்காவில் ஒரு முழுக் கிரகணம். அப்போது பரிஸ் நகரைப் பிரஷ்யப் படை முற்றுகையிட்டிருந்தது. மனுசன் டிசெம்பர் 2 அன்று கருவிகளோடு பலூனில் ஏறி முற்றுகைக்கு மேலால் பறந்து, பிரான்சின் மேற்குக் கரைப் பக்கம் இறங்கி, அங்கிருந்து அல்ஜீரியாவின் ஓரான் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். கிரகண நாளில் வானம் முழுக்க முகில். ஒன்றுமே தெரியவில்லை.

அடுத்த வருசம் திரும்பவும் வெளிக்கிட்டார். இந்த முறை வந்தது நீலகிரிக்கு. மார்கழி எண்டால் எங்கட கரைகளில் வடகீழ்ப் பருவமழையை நம்ப ஏலாது. அவர் ஊட்டிப் பக்கத்து மலைக் கிராமமான சோலூரைத் தெரிவு செய்தார். அங்கே வானம் வெளித்திருந்தது.

அவர் தேடியது என்ன? முழுக் கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் வெண்ணிற ஒளிமுடி, அதாவது கொரோனா, உண்மையில் சூரியனுடையதா, அல்லது எங்கட வளிமண்டலம் காட்டும் மாயமா? அந்தக் காலத்தில் இது தீராத வாக்குவாதம். ஜான்சென் சோலூரில் கொரோனாவின் ஒளியைப் பிரித்தபோது, ஐதரசனின் பிரகாசமான கோடுகளோடு சாதாரண சூரிய ஒளியில் இருக்கும் கருங்கோடுகளும் தெரிந்தன. சூரியனைச் சுற்றி ஏதோ ஒரு பொருள் இருந்து அதன் ஒளியைத் தெறிக்க வைக்கிறது எண்டு இதிலிருந்து விளங்கியது.

ஆனால் ஒருவர் ஒரு மலையில் நின்று கண்டதால் மட்டும் வாக்குவாதம் முடியாது. பேக்கல் கோட்டையில் நோர்மன் லொக்கியரின் பிரித்தானியக் குழு நின்றது. தொட்டபெட்டாவில் இன்னொரு குழு. யாழ்ப்பாணத்தில் இலங்கையின் நில அளவையாளர் நாயகம் ஃபயர்ஸும் கப்டன் டப்மனும். திருகோணமலைப் பக்கம் ஹென்றி மோஸ்லி. பேக்கலிலும் தொட்டபெட்டாவிலும் எடுத்த படங்களில் கொரோனா ஒரே வடிவத்தில் இருந்தது. அது வளிமண்டலத்தின் விளையாட்டு எண்டால் இடத்துக்கு இடம் மாறியிருக்க வேண்டுமே? யாழ்ப்பாணத்தில் ஒளியின் முனைவாக்கத்தைப் பார்த்தவர்களும் கொரோனா சூரியனுடையதே என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள். இதே நிழல் பிறகு அவுஸ்திரேலியாவின் வடகரைக்குப் போனது. அங்கே கப்பலில் போய்க் காத்திருந்த குழுவுக்கு முகில்தான் மிச்சம்.

இந்தக் கதையில் எங்கட ஆக்கள் எங்கே? பேக்கலில் ஊர்ச் சனம் கிரகணத்துக்காகத் தீ மூட்டியது, புகை கருவிகளை மறைக்குமெண்டு பொலிஸ் அதை அணைத்தது: வந்தவர்களின் குறிப்பில் ஊரவர் வருவது இப்படித்தான். நிழல் விழுந்த நிலத்தில் இருந்தவர்கள் புகை போடுகிறவர்கள், பயப்படுகிறவர்கள். இதை வாசிக்கும்போது எங்களுக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது.

ஆனால் அன்று காலை அவினாசியில் நின்ற மதராஸ் வானாய்வகக் குழுவில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி இருந்தார். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடக்கப்போவதை இந்திய மொழிகளில் விளக்கிப் புத்தகம் போட்டவர். கணக்கு வானத்தில் கண்ணால் காண்பதோடு ஒத்துப்போக வேண்டும் எண்டு திருக்கணித பஞ்சாங்கத்துக்காக நின்றவர். வருசம் பிறக்கிற நேரம் வாக்கியத்தில் ஒன்று, திருக்கணிதத்தில் இன்னொன்று எண்டு எங்கட வீடுகளில் இன்றைக்கும் நடக்கும் சண்டையில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கு.

யாழ்ப்பாணத்திலும் இந்தச் சண்டை பழசு. 1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணத்துக்கு அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்தில் நேரம் குறித்திருந்தார். வட்டுக்கோட்டை செமினரியின் டானியல் பூவர் அது பிழை எண்டு தன் கணக்கை முன்வைத்தார். பூவரின் கணக்கே சரியாக வந்தது. மிஷனரிமார் இதைத் தங்கட வெற்றியாக எழுதினார்கள். தோற்றதைத் தோற்றது எண்டு ஒத்துக்கொள்வதில் எங்களுக்கு வெட்கமில்லை. ஆனால் அந்த இரவு மோதியது இரண்டு கணக்குகள். தொலைவிலிருந்து வந்தவரும் அராலியில் இருந்தவரும் ஒரே சந்திரனைத்தான் கணக்கிட்டார்கள்.

ஜான்செனின் பயணத்தை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஒருமுறை முகிலிடம் தோற்றும் அடுத்த வருசமே உலகின் மறுபக்கத்து மலைக்கு வந்த மனுசனை ஆருக்குத்தான் பிடிக்காது? அவர் பெயரோடு சேர்த்து அவினாசியையும் அராலியையும் எங்கட வரலாற்றுப் பாடத்தில் வாசிக்கக் கிடைத்திருக்கலாம் என்பதுதான் எங்கட குறை. 2019இல் முற்றத்துக்கு வரவிடாத அம்மம்மாவிடம் அதைச் சொல்லியாவது பார்த்திருப்போம்.