கேட்கத் தெரிந்த நடிகர்

தமிழ்த் திரையில் கதாநாயகருக்கு அடுத்த வரிசையில் நின்று, தந்தையாகவும் தமையனாகவும் வஞ்சகனாகவும் வித்துவானாகவும் மாறி மாறித் தோன்றி, ஒரு படத்தின் பாரத்தை வெளியே தெரியாமல் தாங்கிய குணசித்திர நடிகர்களின் சரித்திரத்தை எழுதப் புகுபவர், எந்தப் படநிலையத்தின் வாசலிலிருந்தும் தொடங்க இயலாது. பாலர் நாடகக் கம்பெனியின் கொட்டகையிலிருந்துதான் தொடங்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிய காலத்திலும், அதற்கு முன்னும் பின்னும், தமிழ்நாட்டின் ஊர்தோறும் சுற்றித் திரிந்த இக்கம்பெனிகள், பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கு உணவும் உறைவிடமும் தந்து, பாட்டும் வசனமும் அபிநயமும் கற்பித்த குருகுலங்களாக விளங்கின. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலிருந்து எம்.ஜி.ஆரும் பி.யு. சின்னப்பாவும் வந்தார்கள், நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் சபையிலிருந்து எம்.என். நம்பியார் வந்தார், டி.கே.எஸ். சகோதரர்களிடமிருந்து கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வந்தார். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையிடமிருந்து சிவாஜி கணேசன் வந்தார். அதே பள்ளியின் பயிற்சியை, என் அபிப்பிராயத்தில், மற்றெவரினும் நுட்பமாகத் திரைக்குக் கொண்டுவந்தவர், நெல்லைச் சீமையைச் சேர்ந்த சுண்டங்கோட்டையில் 1914-இல் பிறந்த டி.எஸ். பாலையா.

அக்கம்பெனிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பார்ட் உண்டு: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று குரலையும் உடல்வாகையும் பார்த்து வாத்தியார் நிர்ணயிப்பார். நாடகம் இரவு முழுதும் நடக்கும். பாட்டுக்கே அதில் பிரதான ஸ்தானம். ராஜபார்ட் ஒரு ராகத்தை எடுத்து விஸ்தாரமாகப் பாடி, கொட்டகை ‘ஒன்ஸ் மோர்’ என்று ஆர்ப்பரிக்க, மறுபடியும் பாடிக்கொண்டிருக்கையில், மேடையின் மற்றொரு பக்கத்தில் நிற்கும் கள்ளபார்ட்டுக்குப் பேச ஒரு வார்த்தையும் இராது. ஆயினும் அவன் கண்ணைச் சுழற்றவோ, வேட்டியைச் சரிசெய்யவோ கூடாது. அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும் பாத்திரமாகவே நிற்க வேண்டும். பேசத் தெரிந்த நடிகர்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கேட்கத் தெரிந்த நடிகரைப் பற்றிப் பேசியது குறைவு. பாலையாவின் கலை முழுவதும் கேட்பதில் பிறந்தது என்பதே நான் இங்கே நிலைநாட்ட விரும்புவது.

அவர் திரைக்கு வந்தது 1936-இல், எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய ‘சதி லீலாவதி’யில். ஒஹாயோ மாநிலத்தில் பிறந்து, கலிபோர்னியாவில் படப்பிடிப்புக் கலையைப் பயின்று, தமிழில் ஒரு சொல்லும் அறியாமல் இந்தியாவுக்கு வந்த அந்த இளைஞரின் படத்தில்தான் எம்.ஜி.ஆர்., என்.எஸ். கிருஷ்ணன், பாலையா ஆகிய மூவரும் முதன்முதலாகக் காமிராவின் முன் நின்றார்கள். எஸ்.எஸ். வாசனின் கதை அது. எம்.கே. ராதா நடித்த கிருஷ்ணமூர்த்தியைக் குடிப்பழக்கத்துக்கு இழுத்துச் செல்லும் நண்பன் ராமநாதனாகப் பாலையா வந்தார். குடியினால் குடும்பத்தை இழந்து, கொலை செய்துவிட்டதாக எண்ணி அஞ்சி, கிருஷ்ணமூர்த்தி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்க் கூலியாக உழைக்கிறான். கள்ளுக்கடை தோட்டத்தொழிலாளியின் கூலியை விழுங்கிக்கொண்டிருந்த அந்நாளில், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் சிங்கப்பூரின் துறைமுக வரிசை வீடுகளிலும் வாழ்ந்த தமிழருக்கு, கடல் கடந்து உழைக்கப் போனவனின் கதை பிறர் கதையாக இருந்திருக்க முடியாது.

மறு ஆண்டு, அதே டங்கனின் ‘அம்பிகாபதி’யில் எம்.கே. தியாகராஜ பாகவதரோடு வாட்போர் புரியும் தளபதியாகப் பாலையா தோன்றினார். இசைக்கே மக்கள் திரண்ட படம் அது. பாகவதர் பாட, நாடு முழுதும் மயங்கியது. அத்தகைய படத்தில் பாடாத ஒருவர் தம்மையும் பார்க்க வைத்தார் என்றால், அதற்குக் காரணம் வாள் மட்டுமல்ல. கடைசி வரிசைக்கும் எட்டும்படி குரலை உயர்த்திப் பழகிய மேடை நடிகர்களில் பலர் திரையிலும் அப்படியே முழங்கிக்கொண்டிருக்க, பாலையாவோ குரலைத் தாழ்த்தி, சொற்களுக்கிடையே ஒரு சிறு இடைவெளி விட்டு, புருவத்தாலும் உதட்டோரத்தாலும் பேச்சை முடிக்கக் கற்றுக்கொண்டார். மொழி தெரியாத இயக்குநர் நடிகரின் முகத்தைத்தானே நம்பியிருக்க வேண்டும்! அந்த நிர்ப்பந்தம் பாலையாவுக்கு அனுகூலமாக அமைந்தது என்று நான் கருதுகிறேன்.

தற்செயலாக, அமெரிக்காவில் அகாதமி விருதுகளில் துணை நடிகருக்கென்று தனிப் பரிசு ஏற்பட்டதும் அதே 1936-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான். முதற் பரிசைப் பெற்ற வால்டர் பிரென்னன், பின்னும் இருமுறை அதே பரிசை வென்றார். கிழவனாகவும் குடிகாரனாகவும் நீதிபதியாகவும் தோன்றிய அவருக்கு, கதாநாயகர் ஆகாமலே ஒரு கௌரவம் அந்நாட்டில் சித்தித்தது. இந்தியாவின் தேசியத் திரைப்பட விருதுகளில் துணை நடிகருக்கு இடம் ஏற்பட்டது 1984-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து. பாலையா 1972-இலேயே காலமாகிவிட்டார்.

நாற்பதுகளும் ஐம்பதுகளும் அவருக்கு வேலை நிறைந்த ஆண்டுகள். அண்ணாதுரையின் ‘வேலைக்காரி’ 1949-இல் படமானபோது, கே.ஆர். ராமசாமியின் ஆனந்தனுக்கு வழிகாட்டும் தோழன் மணியாக வந்தார், 1954-இல் ‘தூக்குத்தூக்கி’யில் வடநாட்டுச் சேட்டாக வந்தார், 1956-இல் ‘மதுரை வீர’னில் நரசப்பனாக வந்தார். இப்படங்கள் வந்து சேர்ந்த சிங்கப்பூரோ, 1929-இலும் 1954-இலும் பெரியாரை வரவேற்ற ஊர். 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தையும் 1935-இல் ‘தமிழ் முரசை’யும் கண்டு, கோ. சாரங்கபாணியின் எழுத்தில் ஊறியிருந்த ஊர். அந்த ஊரின் தமிழருக்குப் படத்தின் வசனம் என்பது பொழுதுபோக்கைக் கடந்த ஒன்று. தஞ்சோங் பகாரிலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் உழைத்தவர்கள் வசனத்துக்காகப் படம் பார்த்தார்கள். ஆயினும் அந்தக் காலத்துப் படங்களை இன்று மீண்டும் பார்க்கையில், நீண்ட வசனங்களில் சில உதிர்ந்துபோயிருக்க, அவற்றைக் கேட்டுக்கொண்டு நின்ற பாலையாவின் முகம் மட்டும் வாடாமல் இருப்பது எனக்குப் பெரும் ஆச்சரியத்தைத் தருகிறது.

1959-இல் வந்தது பீம்சிங்கின் ‘பாகப்பிரிவினை’. ஒற்றுமையாக வாழும் ஒரு கிராமத்துக் கூட்டுக்குடும்பத்தில், சிங்கப்பூரிலிருந்து வரும் சிங்காரமாக எம்.ஆர். ராதா புகுந்து, அண்ணனையும் தம்பியையும் பிரித்துவிடுகிறார். கடல் கடந்து சம்பாதித்தவனைப் பற்றி ஊரில் எழுந்த அச்சமும் பொறாமையும் மோகமும் அந்தப் பாத்திரத்தில் கலந்து கிடப்பதால், சிங்கப்பூர்த் தமிழர் அப்படத்தைச் சற்றே வேறு கண்ணோடு பார்க்க வேண்டியவர்கள். இவ்வளவு ஆரவாரமான ஒரு ராதாவுக்கு எதிரே மூத்த அண்ணன் வைத்திலிங்கமாகப் பாலையா செய்ததுதான் என்ன? மனைவியின் சொல்லைக் கேட்கிறார். தம்பியின் சொல்லைக் கேட்கிறார். வந்தவனின் சொல்லைக் கேட்கிறார். எதற்கும் உடனே பதில் சொல்ல இயலாமல் தவிக்கிறார். நல்லவனுமல்லாத, கெட்டவனுமல்லாத, பலவீனன் மட்டுமேயான ஒரு மனிதனை அவர் நம்முன் நிறுத்திவிடுகிறார்.

அறுபதுகளே அவருடைய அறுவடைக் காலம். 1964-இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’யில், எஸ்டேட் முதலாளி விசுவநாதனாகிய பாலையாவுக்கு, மகன் செல்லப்பாவாக வரும் நாகேஷ், தான் எடுக்கப்போகும் பேய்ப்படத்தின் கதையைச் சொல்லும் காட்சியை அறியாத தமிழர் உலகில் எங்கும் இலர். நாகேஷ் காற்றாகவும் கதவாகவும் காலடிச் சத்தமாகவும் மாறி மாறி ஒலிக்க, பாலையா நாற்காலியில் அமர்ந்து கேட்கிறார். அவ்வளவே அவருக்கு வேலை. ஆனால் அந்த முகத்தில் முதலில் மகனுக்கு வேலையில்லை என்ற அலட்சியம், அடுத்து சிறிது சுவாரசியம், பின் ஒரு சந்தேகம், பின் அச்சம், அச்சத்தை மகனிடம் காட்டிக்கொள்ளக் கூடாதே என்ற தந்தையின் மானம், இறுதியில் மானமும் போன பீதி என்று படிப்படியாக ஏறுவதை நோக்குங்கள். நாகேஷின் கற்பனை அபாரமானது. ஆனால் கேட்பவர் நம்பாவிட்டால் சொல்பவரின் பேய் பிறக்காது. கோலாலம்பூரில் பிறந்த ரவிச்சந்திரன் கதாநாயகராக அறிமுகமானதும் இதே படத்தில்தான் என்பதால், இப்பகுதித் தமிழருக்கு அதன்மேல் ஓர் உரிமையும் உண்டு.

அடுத்த ஆண்டு வந்த ‘திருவிளையாட’லின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனும் டி.கே.எஸ். நாடக மேடையில் ஸ்திரீபார்ட் கட்டி வளர்ந்தவர். பாலர் கம்பெனியின் பரிபாஷை அவருக்குத் தாய்மொழி. பாண்டியனின் சபையில் பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைத்து, கர்வமே உருவெடுத்தாற்போல் அமர்ந்திருந்த பாலையாவின் ஹேமநாத பாகவதர், அன்றிரவு திண்ணையில் ஒரு விறகுவெட்டி பாடுவதைக் கேட்கிறார். தம்மை எதிர்த்துப் பாடவிருக்கும் பாணபத்திரரிடம் மாணவனாகும் தகுதிகூட இல்லையென்று தள்ளப்பட்டவன் இவன் என்றால், அந்தப் பாணபத்திரர் எப்படிப் பாடுவார் என்ற எண்ணம் அவருள் இறங்கும் கணத்தில், பெரிய வசனம் ஒன்றுமில்லை. தோள்கள் தளர்கின்றன, கண்கள் அகல்கின்றன. தோற்றவனின் அவமானத்தைக் காட்டுவது சுலபம். தன்னிலும் உயர்ந்த சங்கீதத்தைக் கேட்ட வித்துவானின் பக்தியை அந்த அவமானத்தோடு சேர்த்துக் காட்டுவது எளிதன்று. பாலையா அதைச் செய்தார்.

1968-இல் ‘தில்லானா மோகனாம்பா’ளில் தவில் வித்துவான் முத்துராக்கு. தவில்காரரின் தொழிலே நாயனம் போகும் போக்கைக் காதால் பிடித்து, அதற்கு உரிய இடத்தில் உரிய அளவில் பதில் கொடுப்பது. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலிலோ பெருமாள் கோயிலிலோ விசேஷ நாட்களில் மேளக்காரர் அருகே நின்றவர்களுக்கு இது தெரியும். நாயனக்காரராக வரும் சிவாஜியின் சண்முகசுந்தரம் கோபிக்கும்போதும் குழையும்போதும், பக்கத்தில் இருக்கும் பாலையா அவரைவிட ஒரு சுருதி தாழ்ந்தே நிற்கிறார். ஆனால் தாளத்தை விடுவதில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, பாலசந்தரின் ‘பாமா விஜய’த்தில், சென்னைச் சபாக்களில் உருவான புதிய தலைமுறை நடிகர்களான நாகேஷும் மேஜர் சுந்தரராஜனும் முத்துராமனும் மகன்களாக நடிக்க, தந்தை எத்திராஜாகப் பாலையா அமர்ந்தார். கம்பெனி நாடகம் மறைந்து, அலுவலகம் முடிந்து மாலையில் நடிப்பவர்களின் சபா நாடகம் அந்த இடத்தைப் பிடித்துவிட்ட காலம் அது. இரு பள்ளிகளும் ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கும் அந்தப் படத்தில், வயதில் மூத்தவரே நடிப்பில் மிகவும் நவீனமாகத் தெரிகிறார்.

சிங்கப்பூரில் அவருடைய கலைக்கு இரண்டாம் வாழ்வு ஒன்று கிடைத்தது. தொலைக்காட்சி இங்கே 1963-இலேயே வந்துவிட்டது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பழைய குடியிருப்புகளை விட்டு, தீவின் நாற்புறமும் எழுந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. அவற்றுள் கிழக்குக் கோடியில் அமைந்தது பாசிர் ரிஸ். எண்பதுகளில் நகராக வளர்ந்து, 1989 டிசம்பரில் ரயில் நிலையம் பெற்று, அந்தப் பாதையின் கடைசி ஊராக நின்றது. ‘அடுத்த ரயிலில் ஏறி மெக்கன்சி சாலை ரெக்ஸ் திரையரங்குக்குப் போகலாம்’ என்ற வழக்கம் அக்காலத்தில் இல்லை, ரெக்ஸ் மூடப்பட்டிருந்தது, 2009-இல்தான் தமிழ்ப் படங்களோடு மீண்டும் திறந்தது. எனவே பாசிர் ரிஸ் போன்ற ஊர்களில் பழைய படங்கள் தொலைக்காட்சி வழியாகவும், சிராங்கூன் சாலைக் கடைகளிலிருந்து வாடகைக்கு வந்த ஒளிநாடா வழியாகவும் வீட்டுக் கூடத்துக்குள் புகுந்தன. பெரிய திரையில் கண்ணைப் பறித்த அரண்மனையும் படையும் சிறிய பெட்டியில் சுருங்கிப்போயின. முகம் மட்டும் சுருங்கவில்லை. எங்கள் பாசிர் ரிஸ் புளோக்குகளில் வளர்ந்த பிள்ளைகள், கதாநாயகர் பேரைச் சொல்லும் முன்னரே ‘நாகேஷ் அப்பா’ என்று பாலையாவைச் சுட்டியதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். 

அவருடைய மகன் ஜூனியர் பாலையா 1975-இல் ‘மேல்நாட்டு மருமக’ளில் தொடங்கி, ‘கரகாட்டக்கார’னிலும், 2012-இல் ‘சாட்டை’யில் தலைமையாசிரியராகவும் நடித்து, 2023-இல் காலமானார். அரை நூற்றாண்டு தாமதித்தேனும் ஒரு பரிசைத் தந்தைக்கு அளிக்கும் அதிகாரம் எனக்கு இருக்குமாயின், மக்கள் நினைவில் முதலில் நிற்கும் விசுவநாதனுக்கோ ஹேமநாதனுக்கோ அதை அளிக்கமாட்டேன். ‘பாகப்பிரிவினை’யின் வைத்திலிங்கத்துக்கே அளிப்பேன். சிரிக்க வைக்கும் வசதியும், கர்வத்தின் கம்பீரமும், சங்கீதத்தின் துணையும் ஒன்றும் இல்லாமல், வீட்டை இரண்டாக்கும் சுவர் எழும்போது எதுவும் சொல்லத் தெரியாத ஒரு மூத்த அண்ணனை, அவர் அங்கே தம் முகம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நடித்தார்.