சராசரி உயர்ந்தது, இடைவெளி குறையவில்லை: நாட்பட்ட நோய்ச் சிகிச்சையில் கூட்டு முயற்சிகள்

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் ஓர் ஊசியில் தீர்ந்துபோகும் நோய்கள் அல்ல. அவற்றோடு வாழ்பவர் மாதம்தோறும், ஆண்டுக்கணக்கில், மருத்துவ அமைப்போடு உறவு கொண்டாக வேண்டும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அவரது கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்ற வேண்டும்; விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுக்க வேண்டும்; பாதத்தைக் கையில் எடுத்து, விரலிடுக்குகளில் புண் உள்ளதா, உணர்ச்சி மரத்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். தொடுதலைக் குற்றமாக்கிய ஒரு சமூகத்தில், ஒரு தலித் முதியவரின் பாதத்தை யார் கையில் எடுப்பது என்பது வெறும் மருத்துவக் கேள்வி அன்று. குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் 12 கிராமங்களில் 200 தலித் குழந்தைகளைக் கொண்டு சங்கமித்ரா ஆச்சார்யா நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவப் பணியாளர்கள் தொடுவதைத் தவிர்ப்பதும், மருந்தைக் கையில் தராமல் வைப்பதும் அன்றாட நடைமுறையாக இருந்ததைப் பதிவு செய்தது. குழந்தைப் பருவத்தில் இத்தகைய அவமதிப்பைக் கண்ட ஒருவர், ஐம்பது வயதில் மாதம் தவறாமல் அதே நிலையத்தின் வாசலில் வந்து நிற்பார் என எதிர்பார்ப்பது எங்ஙனம்?

நாட்பட்ட நோய்ச் சிகிச்சையின் தரத்தை உயர்த்த உலகெங்கும் கையாளப்படும் வழிகளுள் ஒன்று கூட்டு முயற்சி. பல நிலையங்கள் ஒன்றிணைந்து, ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு, ஒன்றின் அனுபவத்திலிருந்து மற்றொன்று கற்றுக்கொள்வது அது. ஒடுக்கப்பட்ட மக்களிடையே இம்முறை மிகப்பெரிய அளவில் சோதிக்கப்பட்ட இடம் அமெரிக்காவின் சமூக நல நிலையங்கள். அங்கே என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்பது நமக்குப் பயன்படும். அந்நிலையங்கள் குடியுரிமைப் போராட்டத்தின் வயிற்றில் பிறந்தவை என்பது அதற்கு ஒரு காரணம். அவற்றின் தோல்வி நேர்மையாக அளக்கப்பட்டது என்பது மற்றொரு காரணம்.

மிசிசிப்பி மாநிலத்தின் மவுண்ட் பேயூ, அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1887இல் தமக்காக நிறுவிக்கொண்ட ஊர். 1960களில் பருத்தி வயல்களில் இயந்திரங்கள் புகுந்தபோது, அப்பகுதியின் வாரக் குடிகளான கறுப்பின உழவர்கள் வேலையற்று நின்றனர். குடிநீர் மாசுபட்டிருந்தது, குழந்தைகள் பட்டினியில் வாடின. குடியுரிமைப் போராளிகளுக்கு மருத்துவ உதவி செய்ய 1964இல் அங்குச் சென்றவர்களுள் மருத்துவர் ஜாக் கைகரும் ஒருவர். மாணவப் பருவத்திலேயே அவர் தென்னாப்பிரிக்காவின் போலேலாவுக்குச் சென்று, சிட்னி கார்க், எமிலி கார்க் இணையர் நிறவெறி ஆட்சியின் நடுவே நடத்திய சமூக மருத்துவப் பணியில் பயின்றிருந்தார். அவரும் கவுன்ட் கிப்சன் என்ற மருத்துவரும் வறுமை ஒழிப்புத் திட்ட நிதியைக் கொண்டு முதலில் பாஸ்டன் நகரிலும் (1965), பின்னர் மவுண்ட் பேயூவிலும் (1967) நல நிலையங்களைத் திறந்தனர். ஜான் ஹாட்ச் என்ற கறுப்பின அமைப்பாளர் வீடு வீடாகச் சென்று மக்களிடம் அவர்களது முதல் தேவை எது எனக் கேட்டார். உணவும் நீரும் வீடும் வேலையும் என்றனர் மக்கள்.

மருத்துவர்கள் அதற்கேற்பவே நடந்தனர். சத்துக் குறைவால் நலிந்த குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவை எழுதிக் கொடுத்தனர். கறுப்பின வணிகர்களின் மளிகைக் கடைகள் அச்சீட்டுக்குப் பொருள் தந்து, செலவை நிலையத்தின் மருந்துக் கணக்கில் பெற்றுக்கொண்டன. இதற்கு மேலிடத்திலிருந்து கேள்வி வந்தபோது, பட்டினி என்னும் நோய்க்கு மருத்துவ நூல் கூறும் மருந்து உணவுதான் என்ற பொருளில் கைகர் விடையளித்தார். கிணறுகள் தோண்டப்பட்டன. மக்களே உறுப்பினரான கூட்டுறவுப் பண்ணை ஒன்று காய்கறி விளைவித்தது. இவற்றைப் பரிவுள்ள மருத்துவர்களின் கொடையாக மட்டும் எழுதிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. அது பிழை. நிலையத்தின் நிர்வாகத்தில் பயனாளிகளுக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கை போராட்டத்தின் கோரிக்கை. பின்னர் அது சட்டமாகவே ஆயிற்று. இன்று அமெரிக்கக் கூட்டரசின் நிதி பெறும் ஒவ்வொரு சமூக நல நிலையத்தின் நிர்வாகக் குழுவிலும் குறைந்தது 51 விழுக்காட்டினர் அந்நிலையத்தில் சிகிச்சை பெறுபவர்களாக இருக்க வேண்டும். 3 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நிலையங்களைச் சார்ந்துள்ளனர்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் சூழல் மாறியிருந்தது. பட்டினியின் இடத்தில் நீரிழிவு வந்து நின்றது. கறுப்பின, லத்தீன், பூர்வகுடி மக்கள் வெள்ளையரைவிட அதிகமாக நீரிழிவுக்கு ஆளாயினர். கால் இழப்பும் சிறுநீரகச் செயலிழப்பும் அவர்களிடையே மிகுந்திருந்தன. இதே காலத்தில் சியாட்டில் நகரில் எட் வாக்னர் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் நாட்பட்ட நோய்ச் சிகிச்சைக்கான ஒரு மாதிரியை உருவாக்கினர். காய்ச்சலுக்கும் காயத்திற்கும் ஏற்ப அமைந்த மருத்துவமனை, நாட்பட்ட நோய்க்கு ஏற்றதன்று என்பதே அதன் அடிப்படை. நோயாளி வரும்வரை காத்திராமல் நிலையமே அவரைத் தேட வேண்டும். மருத்துவர் ஒருவரே அனைத்தையும் செய்யாமல் செவிலியர், மருந்தாளுநர், களப்பணியாளர் எனக் குழுவாக இயங்க வேண்டும். யார் யாருக்கு என்ன நோய், கடைசி அளவீடு என்ன என்பது ஒரே பதிவேட்டில் இருக்க வேண்டும். தன் நோயைத் தானே கையாளும் திறனை நோயாளி பெற வேண்டும். ஊரில் உள்ள அமைப்புகள் துணை நிற்க வேண்டும்.

இம்மாதிரியை அமெரிக்க அரசின் அடிப்படை மருத்துவத் துறை 1998இல் சமூக நல நிலையங்களுக்குள் கொண்டுசென்றது. மருத்துவ ஏற்றத்தாழ்வைக் களைவதற்கான கூட்டு முயற்சி என்ற பொருளிலேயே அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. நீரிழிவில் தொடங்கி ஆஸ்துமா, மனச்சோர்வு, இதய நோய் என அது விரிந்தது. நடைமுறை எளிமையானது. ஒவ்வொரு நிலையமும் ஒரு சிறு குழுவை அமைக்கும். குழுக்கள் ஆண்டில் சில முறை ஒன்றுகூடிக் கற்கும்; இடைப்பட்ட மாதங்களில் தத்தம் நிலையத்தில் சிறு சிறு மாற்றங்களைச் செய்து பார்க்கும். பத்து நோயாளிகளிடம் ஒரு மாற்றம் பயன் தந்தால் நூறு பேருக்கு. தராவிட்டால் கைவிட்டு வேறொன்று. எத்தனை பேருக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பார்க்கப்பட்டது, எத்தனை பேரின் பாதம் பரிசோதிக்கப்பட்டது என்ற எண்ணிக்கையை மாதம்தோறும் எல்லா நிலையங்களும் பகிர்ந்துகொள்ளும். நோயாளி அறைக்குள் நுழைந்ததும் காலணியையும் காலுறையையும் கழற்றி அமரும்படி செவிலியர் சொல்லிவிட்டால், மருத்துவர் பாதத்தைப் பார்க்க மறக்கமாட்டார். மேலான சிகிச்சை பலவேளை இத்தகைய சிறு ஏற்பாடுகளில்தான் அடங்கியுள்ளது.

விளைவு என்ன? 2007இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, இம்முயற்சியில் பங்கேற்ற 44 நிலையங்களைப் பங்கேற்காத நிலையங்களோடு ஒப்பிட்டது. பாதப் பரிசோதனை 21 விழுக்காடும், சர்க்கரைச் சராசரிப் பரிசோதனை 16 விழுக்காடும் கூடியிருந்தன. ஆனால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்தவர்களின் அளவில் ஒப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. இன்னும் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த வேறோர் ஆய்வு சர்க்கரை அளவும் குறைந்ததைக் கண்டது. ஆகவே காலம் தேவை என்பது ஒரு நியாயமான விளக்கம். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியமோ ஆளோ இல்லாமல் பணியாளர்கள் சோர்ந்ததும் உண்மை.

நம்மை நிறுத்திச் சிந்திக்க வைப்பது 2010இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு. கறுப்பின, லத்தீன் மக்களுக்கும் வெள்ளையருக்கும் இடையே, காப்பீடு உள்ளோருக்கும் இல்லாதோருக்கும் இடையே, சிகிச்சையின் தரத்தில் இருந்த இடைவெளி குறைந்ததா என அது பார்த்தது. ஏறத்தாழக் குறையவே இல்லை. ஏற்றத்தாழ்வைக் களைவதையே பெயராகக் கொண்ட முயற்சி, சராசரியை உயர்த்திற்று. ஏற்றத்தாழ்வை அப்படியே விட்டுவிட்டது.

இதை முழுத் தோல்வி என நாம் கருதவில்லை. ஒரு பொதுவான முன்னேற்றம் எல்லாரையும் ஒரே அளவில் தூக்கினால், கீழே இருந்தவர் முன்னிலும் மேலே வந்திருப்பார்; ஆனால் கீழேயே இருப்பார். இடைவெளியை மூட வேண்டுமென்றால் அவ்விடைவெளியையே தனியாக அளந்து, அதற்கென்றே தனித்த மாற்றங்களைச் செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தேவையா, பேருந்துக் கட்டணம் தேவையா, வேலை முடிந்து வருவோர்க்கு மாலை நேர மருத்துவம் தேவையா என்ற கேள்விகள் சராசரி எண்ணிக்கையில் தோன்றுவதில்லை. நம்பிக்கையும் அதில் தோன்றுவதில்லை. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சுமார் 600 கறுப்பின ஆண்களைக் கிரந்தி நோய் ஆய்வுக்கு உட்படுத்தி, மருந்து கிடைத்த பின்னும் நோயுற்றோருக்கு அதை வழங்காமல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்தது. அதே அரசின் மாத்திரையை ஐயமின்றி விழுங்கச் சொல்வது எளிதன்று. எனினும், இந்த இடைவெளி மூடப்படவில்லை என்று அவர்களால் சொல்ல முடிந்தது. காரணம், நோயாளியின் இனம் பதிவேட்டில் இருந்தது.

வாக்னரின் மாதிரியை விரிவாக்கி உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் ஒரு சட்டகத்தை வெளியிட்டது. அதன் கூறுகளை இந்தியத் திட்டங்களிலும் காணலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், ஒன்றிய, மாநில அரசுகள், உலகச் சுகாதார நிறுவனம் ஆகியவை 2017இல் இணைந்து தொடங்கிய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி, எளிய மருந்து நெறிமுறை, தடையற்ற மருந்து இருப்பு, குழுப் பணி, வீட்டருகே சிகிச்சை, நோயாளியைப் பின்தொடரும் தகவல் பதிவு என்ற ஐந்தின் மேல் நிற்கிறது.

தமிழ்நாட்டில் 2020இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளதையும், அவர்களுள் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருப்பதையும் காட்டியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்', மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் வழியே மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது. 2024இல் அதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. நாள்கூலியை இழந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காத்திருக்க இயலாத ஒரு தலித் தொழிலாளிக்கு இத்திட்டத்தின் பயன் பெரிது. அதை நாம் தயக்கமின்றி ஏற்கிறோம். மாத்திரை வீடு தேடி வர வேண்டும் என்பது வாக்னர் சொன்னதே.

ஆயின் அரசு வெளியிடும் எண்கள் பெரும்பாலும் மொத்தப் பயனாளிகளின் எண்ணிக்கையையே பேசுகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கினர் பட்டியல் சாதியினர். அவர்களுள் எத்தனை பேரின் இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது, பிறருள் எத்தனை பேருக்கு வந்தது என்ற ஒப்பீடு அந்த எண்களில் இல்லை. ஒன்பது மாநிலத் தரவுகளைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வொன்று, உயர்சாதி இந்துக்களைவிட தலித் மக்களின் ஆயுட்கால எதிர்பார்ப்பு மூன்று ஆண்டுகளுக்கும் மேல் குறைவு எனக் கண்டது. செல்வ நிலையை ஒப்பிட்டுக் கழித்த பின்னும் இடைவெளி முழுமையாக மறையவில்லை. தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை என்பதை வைத்து இங்கு இடைவெளி இல்லை என முடிவு கட்ட முடியாது. சாதியைக் கேட்பதே சாதியை வளர்க்கும் என்ற மறுப்பு வரும். இடஒதுக்கீட்டிற்கும் வன்கொடுமை வழக்கிற்கும் கேட்கப்படும் சாதி, மாத்திரையின் பலனை அளக்கும்போது மட்டும் ஏன் கூச்சம் தருகிறது?

தன்னார்வலர் எந்தத் தெருவைச் சார்ந்தவர் என்பதும் தரத்தின் பகுதியே. ஊர்த் தெருவின் பெண் சேரிக்குள் வந்து, ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஒரு முதியவரின் கையில் பட்டையைச் சுற்றுகிறாரா, அல்லது தெருமுனையில் நின்று பெயரைக் கூப்பிட்டு மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகிறாரா? செயலியில் இரண்டும் ஒரே பதிவாகத்தான் ஏறும். சேரித் தெருவிலிருந்து சென்ற தன்னார்வலர் ஊர்த் தெருவில் எந்த வாசலில் நிறுத்தப்படுகிறார் என்பதையும் உடன் கேட்க வேண்டும். வருகை நேரமும் அவ்வாறே. விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்படும் தூய்மைப் பணியாளரையும் களையெடுக்கச் செல்லும் பெண்ணையும் காலை பதினொரு மணிக்குத் தேடினால் காணமுடியாது. பணியிடத்திற்கே சென்று பரிசோதிக்கும் திட்டம் 2024இல் தொடங்கியது. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களை அது எவ்வளவு எட்டுகிறது என்பது அந்தந்த ஊரில் கேட்டறிய வேண்டியது.

அமெரிக்க நிலையங்களில் உள்ள 51 விழுக்காட்டு விதிக்கு நிகரான எதுவும் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இல்லை. நோயாளர் நலச் சங்கங்கள் உண்டு. கிராமச் சுகாதாரக் குழுக்கள் உண்டு. மாவட்ட அளவில் சுகாதாரப் பேரவைகள் கூட்டப்படுகின்றன. அவற்றில் யார் அமர்கிறார்கள் என்பதைக் கேட்க எவருக்கும் தடையில்லை. கிராம சபையில் தொற்றா நோய்க் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

கணக்கைக் கேட்பதற்குப் புதிய கணக்கெடுப்பு வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. சாதிவாரியாகக் குடியிருப்பு பிரிந்து கிடக்கும் நம் ஊர்களில், முகவரியே சாதியைச் சொல்லிவிடுகிறது. தனிநபர்களின் பெயரோ நோய் விவரமோ நமக்கு வேண்டா. அவற்றைக் கேட்பதும் முறையன்று. ஒரு துணைச் சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் தெருவாரியாக, குடியிருப்புவாரியாக, மருந்து பெறுவோர் எத்தனை பேர், கடைசி மூன்று மாதங்களில் அளவீடு எடுக்கப்பட்டவர் எத்தனை பேர், அவர்களுள் கட்டுக்குள் உள்ளோர் எத்தனை பேர் என மூன்று எண்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோரலாம். ஊரின் எண்ணையும் காலனியின் எண்ணையும் ஒரே தாளில் அருகருகே எழுதிப் பார்க்க ஒரு கல்லூரி மாணவருக்கு ஒரு பிற்பகல் போதும்.